மழை இல்லை, ரோட்டில் தண்ணீர்

அண்ணாச்சி,

இன்று காலை பழையகாயல் தாண்டும்போது பஸ் ஜன்னல் வழியாக அந்த வாடை வந்தது. உப்பளத்தில் புதுமழை விழுந்த வாடை. மண்வாசனை என்று எல்லாரும் உருகுகிறார்களே, அது அல்ல. சேறும் உப்பும் நாள்பட்ட பாசியும் சேர்ந்து மூக்கைச் சுளிக்க வைக்கும் நெடி. பக்கத்து சீட்டுப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டிக்கெட் மெஷினைத் தட்டிக்கொண்டே வந்த கண்டக்டர் ஜன்னலைச் சாத்தவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மழை எந்த இடத்தில் தொடங்கியது என்று அவரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு முன்னால் நகர்ந்துவிட்டார்.

நீங்கள் என்றால் சொல்லியிருப்பீர்கள். ஸ்டேஜ் நம்பரோடு சொல்லியிருப்பீர்கள்.

நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. இன்று நான் போனது மதினியைப் பார்க்க. உங்கள் காரியம் முடிந்ததும் மதினி தன் தம்பி வீட்டோடு போய்விட்டார்கள், நாசரேத்துக்கு மேற்கே, செம்மணல் தேரியின் மேட்டில். அன்றிலிருந்து இன்று நாளை என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். தலைவலி, முழங்கால் வலி, மழை வருகிற மாதிரி இருக்கிறது. முப்பது வருடம் பிள்ளைகளின் சாக்குகளைக் கேட்டு அதட்டியவளுக்கு, தனக்கென்று வரும்போது சாக்குக்குப் பஞ்சமே இல்லை. இன்று போய்விட்டு வந்து, சேலைகூட மாற்றாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இது உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியது. சொல்ல நான்கு மாதம் இருந்தது. எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் தூத்துக்குடியில் குடியிருந்து, நாசரேத் பக்கம் ஒரு பள்ளியில் பூகோளம் நடத்தப் போய்வந்தவள். நீங்கள் அந்தக் காலை நேரத்துச் சாத்தான்குளம் பஸ்ஸின் கண்டக்டர். ஒரு ஐப்பசி மாதம், பஸ் ஸ்டாண்டில் வெயில் அடிக்கிறதே என்று குடையை மடக்கிப் பைக்குள் திணித்தேன். நீங்கள் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "குடைய உள்ள வைக்காதிய டீச்சர். ஏரல் பாலத்துக்கு அங்கன ஊத்துது" என்றீர்கள். இவருக்கு என்ன ஞானதிருஷ்டியா என்று உள்ளுக்குள் சிரித்தேன். பாலம் தாண்டியதும் சொன்னபடி ஊற்றியது. மறுநாள் கேட்டபோது, எதிரே வந்த சாத்தான்குளம் வண்டியின் மண்டை நனைந்திருந்ததையும், அதன் டிரைவரிடம் எங்கே பிடித்தது என்று கேட்டதையும் சொன்னீர்கள். அவ்வளவுதான் உங்கள் ஞானதிருஷ்டி. ஆனால் அதைத் தினமும் செய்கிறவர் நீங்கள் ஒருவர்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நோட்டை நீங்கள் காட்டியது அதற்கும் ஒரு வருடம் கழித்து. தோல் பையில் டிக்கெட் கட்டுகளுக்கு அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. ஏழாம் ஸ்டேஜ், காய்ச்சல், அதாவது சொட்டு மழை இல்லை. எட்டாம் ஸ்டேஜ், தூத்தல். பதினொன்றில் நல்ல மழை, பதிமூன்றில் ரோடு நனையவில்லை. கட்டணத்துக்காகப் பிரித்த ஸ்டேஜை நீங்கள் மழைக்கு அளவாக வைத்திருந்தீர்கள். எதற்கு இது என்று கேட்டேன். கூட்டம் குறைந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை என்றீர்கள்.

நான் விடுவேனா. பஸ்ஸிலேயே பாடம் எடுத்தேன். மேற்கே மலை நிற்கிறது, தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இங்கே இறங்குகிறது, அதனால்தான் ஆடியில் நமக்குப் புழுதி. ஐப்பசி கார்த்திகையில் கடல் பக்கமிருந்து வரும் காற்றுதான் நமக்குப் படியளக்கிறது. கரும்பலகை இல்லாத குறைதான். நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி டீச்சர். மல எல்லாருக்கும் ஒண்ணுதான. அப்ப ஏழாம் ஸ்டேஜுல காயுது, பதினொண்ணுல பெய்யுது, அது எதுக்கு?" என்று கேட்டீர்கள். என் பாடப்புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. மாவட்டம் முழுவதையும் ஒரே நிறத்தில் தீட்டிய படம்தான் அதில் இருந்தது. அந்தக் கேள்வி நம் இரண்டு பேரையும் பதினோரு வருடம் பிடித்து வைத்திருந்தது.

பாதையை நாம் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தோம், நினைவிருக்கிறதா? முத்தையாபுரத்திலிருந்து பழையகாயல் வரை உப்பளம். வெட்டவெளி, ஒதுங்க மரமில்லை, கடல்காற்று எதிலும் முட்டாமல் ஓடிவிடும். முக்காணியிலிருந்து ஏரல் வரை ஆற்றுப் பாசனம். வாழையும் நெல்லும், உச்சி வெயிலிலும் ஜன்னல் வழியாகக் குளிர்ச்சி வரும். பாலம் தாண்டினால் தேரி. சிவந்த மணலும் பனையும், பத்து மணிக்கே செருப்பில்லாமல் நிற்க முடியாது. சூடேறிய மணலிலிருந்து காற்று மேலே எழும்பும், கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அதோடு சேர்ந்துகொள்ளும், சித்திரை வைகாசி மாலைகளில் அங்கே இடி இடித்துப் பெய்யும். அதே நேரம் உப்பளத்தின் மேல் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். இது என் விளக்கம். முழுக்கச் சரியா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆனால் உங்களிடம் நிச்சயமாகச் சொல்வதுபோலத்தான் சொன்னேன். அது என் குணம்.

தேரியோரத்தில் பனைகளைச் சாய்த்து மனை போட்டார்கள். அதற்குப் பிறகு பதிமூன்றாம் ஸ்டேஜில் கோடைமழை குறைந்துவிட்டது என்று நீங்கள் அடித்துச் சொன்னீர்கள். இரண்டு கோடையை வைத்துக்கொண்டு அப்படியெல்லாம் முடிவுகட்டக் கூடாது, மேகம் எங்கே வேண்டுமானாலும் இறங்கும் என்று நான் மல்லுக்கு நின்றேன். "மேகத்துக்கு டிக்கெட் கெடையாது, எந்த ஸ்டாப்புலயும் எறங்கும்னு சொல்லுதிய. எறங்குத எடம் நல்லாருந்தாத்தான டீச்சர் எறங்கும்" என்றீர்கள். முன் சீட்டு வாழைக்காய் வியாபாரி திரும்பி, கண்டக்டர் சொல்லுவதுதான் சரி என்று தீர்ப்புச் சொன்னார். அன்று நாசரேத்தில் இறங்கும்போது உங்கள் வணக்கத்துக்குப் பதில் வணக்கம்கூட வைக்காமல் இறங்கினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் சபையில் மழைக்காக ஜெபம் நடந்த ஞாயிறுக்கு மறுநாள், உப்பளத்துக்குப் போகிற பெண்கள் பஸ்ஸில் ஏறினார்கள். கடைசி உப்பு வாரல் முடியும்வரை மழை வந்துவிடக் கூடாது என்று வேண்டியிருப்பதாக அவர்கள் பேசிக்கொண்டார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அன்று ஏரல் பாலம்வரை வெயில், பாலத்துக்கு அந்தப் பக்கம் மழை. ரெண்டு பேர் சொல்லையும் ஆண்டவர் கேட்டுவிட்டார் பாருங்கள் என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனீர்கள். சபையில் அடுத்த வாரம் அதை நினைத்துச் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு.

இப்படியே எழுதிக்கொண்டு போனால், சொல்ல வேண்டியதை இந்தக் கடிதத்திலும் சொல்லாமல் விட்டுவிடுவேன்.

நீங்கள் ஓய்வு பெறுவதற்கு முந்தின கோடை விடுமுறையில், உங்கள் நோட்டுகளையெல்லாம் வாங்கிக்கொண்டு போய் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டேன். மேலே மாதம், பக்கவாட்டில் ஸ்டேஜ், உள்ளே நான்கு நிறம். காய்ச்சலுக்கு மஞ்சள், கனமழைக்குக் கருநீலம். அழகாக வந்தது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் அழகாக வந்தது. வேலைக்கு நடுவில் ஒரு தொந்தரவு இருந்தது. ஏழாம் ஸ்டேஜுக்கு நேரே ஐந்து இடத்தில் நீங்கள், "மழை இல்லை. ரோட்டில் தண்ணி" என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு என்னிடம் நிறம் இல்லை. மழையா, இல்லை. காய்ச்சலா, அதுவும் இல்லை. அந்த ஐந்தையும் விட்டுவிட்டேன். மஞ்சள் அடித்துவிட்டேன்.

தாளைக் காட்டியபோது நீங்கள் விரலால் தடவித் தடவிப் பார்த்தீர்கள். ஏழாம் ஸ்டேஜில் விரல் நின்றது. அந்தத் தண்ணி எங்கே டீச்சர் என்று கேட்டீர்கள். அது மழை இல்லையே அண்ணாச்சி, நாம் மழையைத்தானே எழுதுகிறோம் என்றேன். சரிதான் என்று விரலை எடுத்துவிட்டீர்கள்.

அந்த வருடம்தான் வீட்டுக்கு இடம் பார்த்தீர்கள். மதினியின் தம்பி தேரி மேட்டில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். முத்தையாபுரத்துக்குத் தெற்கே, ஏழாம் ஸ்டேஜில், புதிதாக மனை போட்டிருந்தார்கள். எது என்று முடிவெடுக்க முடியாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினீர்கள். உடைமரங்களை வெட்டித் தள்ளி, மண்ணைக் கொட்டிச் சமப்படுத்தி, மஞ்சள் கல் நட்டிருந்தார்கள். பக்கத்தில் ரோட்டுக்கு அடியில் ஒரு சின்னக் கல் பாலம். இரண்டு கண். உள்ளே ஆடு படுத்திருந்தது. பாலத்தின் ஒரு வாய்க்கு எதிரே நேராக உங்கள் மனை.

"இந்தப் பாலத்தக் கெட்டுனவன் கிறுக்கனா டீச்சர்? தண்ணியே இல்லாத எடத்துல எதுக்குக் கெட்டுனான்?"

நீங்கள் அன்று வேடிக்கைக்குக் கேட்கவில்லை. இப்போது தெரிகிறது. அந்தக் காலத்தில் மழை பெய்திருக்கும் அண்ணாச்சி, இப்போது எங்கே பெய்கிறது என்று சிரித்தேன். கையில் தாள் இருந்தது. பிரித்துக் காட்டினேன். பதினோரு வருடத்தில் இந்தப் பாதையிலேயே மழை குறைந்த இடம் ஏழாம் ஸ்டேஜ், உங்கள் நோட்டே சொல்கிறது, தேரி மேட்டில் மழையும் இடியும், ஆஸ்பத்திரிக்கும் தூரம், பேசாமல் இதை வாங்குங்கள் என்றேன். ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்று வருடாவருடம் ஆறாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்த வாய் இது. மழை எங்கே விழுகிறது என்று பார்த்தேனே தவிர, விழுந்த மழை எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. மேற்கே குளங்கள் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கடலுக்குப் போக வைத்திருந்த ஓடை அது. அதைத்தான் மண் கொட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். மஞ்சள் கல் நட்டவர்களுக்கு அது தெரிந்திருக்கும். தெரிந்தவர்கள் சொல்லவில்லை. தெரிந்திருக்க வேண்டிய நான் தைரியம் சொன்னேன்.

மூன்று வருடம் அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருந்தீர்கள். முருங்கை வைத்தீர்கள். பிறகு அந்த மார்கழி வந்தது. மேகம் மலைக்குப் போகவே இல்லை. கரையிலேயே உட்கார்ந்துவிட்டது. உப்பளம், வாழை, தேரி என்று ஒரு ஸ்டேஜ் விடாமல் கொட்டித் தீர்த்தது. எங்கள் தெருவிலும் இடுப்பளவு. மாடிப்படியில் உட்கார்ந்து உங்களுக்கு எத்தனை தடவை போன் செய்தேன் என்று கணக்கில்லை. மழை ஓய்ந்து வெளிச்சம் வந்த காலையில் நீங்களே கூப்பிட்டீர்கள். குரலில் பதற்றம் இல்லை. நோட்டில் எழுதுகிற மாதிரியே சொன்னீர்கள்.

"டீச்சர், மழ இல்ல. தண்ணி வருது."

அந்த ஐந்து மஞ்சள் கட்டமும் கண்முன் வந்தது. நீங்கள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள், லைன் அறுந்துவிட்டது.

பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் நீங்களும் மதினியும் இரண்டு நாள் இருந்தீர்கள். மதினியை ஏற்றிவிட்டு, மாத்திரைப் பெட்டியை எடுக்க மறுபடி தண்ணீருக்குள் இறங்கியபோதுதான் காலில் தகரம் கிழித்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். சர்க்கரைக்காரருக்குச் சாக்கடைத் தண்ணீரில் காயம். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை. நோட்டுகள் அத்தனையும் சேறாகிவிட்டன. மிஞ்சியது என் அலமாரியில் இருந்த அந்த அழகான தாள் மட்டும்தான்.

ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தேன். நீங்கள் என்னைத் தேற்றுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தீர்கள். பெரியதாழையில் எவ்வளவு பெய்ததாம், சாத்தான்குளத்தில் எவ்வளவாம் என்று விசாரித்தீர்கள். நோட்டு போய்விட்டது, உங்கள் தாளையாவது கொண்டுவாருங்கள், பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்றீர்கள். கொண்டுவருகிறேன் என்றேன். கொண்டுவரவில்லை. உங்கள் விரல் மறுபடியும் ஏழாம் ஸ்டேஜில் வந்து நிற்குமே என்று பயந்தேன். நீங்கள் என்னைத் திட்டுவீர்கள் என்று அல்ல. திட்டமாட்டீர்கள் என்று தெரிந்துதான் பயந்தேன். சித்திரையில் நீங்கள் போய்விட்டீர்கள். கேட்டது ஒரு தாள். அதைக்கூட நான் தரவில்லை.

இன்று அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். மதினி முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன், ஐந்து வரியை விட்டது, பாலத்தைப் பார்த்துச் சிரித்தது, தாளைக் கொண்டுவராதது. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தோன்றியது. மதினி கை வேலையை நிறுத்தவில்லை. கீரையை ஆய்ந்து முடித்துவிட்டுத்தான் பேசினார்கள்.

"பத்திரம் முடிக்கதுக்கு மொத நாளே நான் சொன்னேன், ஓட மாரி இருக்குன்னு. எனக்கும் அப்படித்தான் தோணுதுன்னாரு. ஆனா டீச்சர் பாத்துட்டாங்க, அவங்க படிச்சவங்கன்னுட்டாரு."

நான் கையிலிருந்த தாளை இன்னும் இறுக்கிச் சுருட்டினேன்.

"கடைசி வரைக்கும் ஒங்கள ஒரு சொல்லு சொல்லல அவரு. நான் சொல்லிருக்கேன். ஆஸ்பத்திரியில வச்சு அவருகிட்டயும் சொன்னேன். இப்பவும் சொல்லுதேன் டீச்சர், ஒங்க மேலதான் தப்பு."

ஆமாம் மதினி என்றேன். அழுதேன். மதினி அழவில்லை. கீரையைச் சமைத்து இறக்கிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று இலையைப் போட்டார்கள். பருப்பும் கீரையும். மறுசோறு வேண்டுமா என்று கேட்காமலே வைத்தார்கள். உங்களுக்கும் அப்படித்தான் வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

கை கழுவிவிட்டுத் தாளைத் தரையில் விரித்தேன். ஏழாம் ஸ்டேஜின் மஞ்சள் கட்டங்களுக்கு மேல், பேனாவால், உங்கள் வார்த்தையிலேயே எழுத ஆரம்பித்தேன். மழை இல்லை. ரோட்டில் தண்ணி. ஐந்தில் மூன்றுக்குத்தான் எனக்கு மாதம் நினைவிருந்தது. அதற்கு மேல் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்ன எழுதுகிறீர்கள், வாசியுங்கள் என்றார்கள். வாசித்தேன்.

"இன்னொண்ணு உண்டு டீச்சர். ஒரு தை மாசம் பேண்டு முட்டு வரைக்கும் நனஞ்சி வந்தாரு. ஊருல பொட்டு மழ இல்ல, எங்க போயி நனஞ்சியன்னு சண்ட பிடிச்சேன். ஏழாம் ஸ்டேஜுல எறங்கி பஸ்ஸத் தள்ளுனோம்னாரு. நான் நம்பல."

அதையும் தை மாதத்துக்கு நேரே எழுதினேன். நான் எழுதி முடிக்கும்வரை மதினி தாளின் ஓரம் சுருண்டுகொள்ளாமல் பிடித்துக்கொண்டார்கள்.

நான்கு ஆயிற்று, அண்ணாச்சி. ஐந்தாவது எந்த மாதம் என்று எனக்கும் தெரியவில்லை, மதினிக்கும் தெரியவில்லை. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஏழாம் ஸ்டேஜுக்கு நேரே ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன்.